பெண்கள் பெட்டியில் கொரிய நாடகம்

"அம்மா தாயே, மனசுக்குள்ள படிக்கத் தெரியாதா உனக்கு?"

யூலியார்த்தி கேட்ட கேள்வியில் பெண்கள் பெட்டி மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

நீனிங் மட்டும் நிமிரவே இல்லை. அவள் கையிலிருந்த செல்போனில் கொரிய நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. படத்துக்கு அடியில் வரும் எங்கள் இந்தோனேசிய மொழி வரிகளை ஒன்றுவிடாமல் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"'நீ யாருன்னு எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நீ வைக்கிற முள்ளங்கி சூப்பு ஞாபகம் இருக்கு!'"

சும்மா படித்தாலும் பரவாயில்லை. கதாநாயகனுக்குக் கட்டைக் குரல், நாயகிக்குக் கீச்சுக் குரல், மாமியாருக்கு மூக்கால் ஒரு குரல்.

போகோரிலிருந்து ஜகார்த்தா போகும் காலை ரயில். உட்கார இடம் கிடைத்தாலே அன்றைக்கு நல்ல நாள். மகளைத் துணியில் மார்போடு கட்டிக்கொண்டு எதிர் இருக்கையில் இருந்தேன். அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். அந்த நாடக மாமியார் குரல் கேட்டதும் முழித்துக்கொண்டாள். எனக்கும் எரிச்சல்தான்.

யூலியார்த்தியும் அவள் கூட்டாளிகளும் கம்பியைப் பிடித்து நின்றிருந்தார்கள். எல்லாரும் வழியில் வரும் தெபெட்டில் ஒரே சலவைக்கூடத்தில் வேலை. அவர்களில் மூத்தவர் இபு சர்மி; 'இபு' என்றால் எங்கள் பேச்சில் அம்மா. அவருக்கு மட்டும் இடம் கிடைத்திருந்தது. அதுவும் நீனிங் பக்கத்தில்!

"இபு சர்மியைப் பாருங்கடி, பாவம். காதுக்குள்ளயே போய்க் கத்துறா" என்றாள் யூலியார்த்தி.

இபு சர்மி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தினமும் இதே கூத்துதான். தலையே வெடிக்குது. இந்தப் பொண்ணுக்கு யாரு புத்தி சொல்றது?"

"நீங்க எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க இபு, நான் அங்க உக்காந்துக்கறேன். என்கிட்ட கத்தட்டும், பாக்கறேன்."

"முட்டி வலிடி. உக்காந்தா உக்காந்ததுதான்."

யூலியார்த்தி நீனிங் பக்கம் குனிந்தாள். "ஆமா, நீ எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"ஆறு. கிராமத்துப் பள்ளிக்கூடம்" என்றாள் நீனிங். "சத்தமாப் படிக்கலைன்னா வாத்தியார் காதைத் திருகுவார். அப்படியே பழகிப்போச்சு. வாயை மூடினா எனக்கு எழுத்து நகராது."

பெட்டியில் கொல்லென்று சிரிப்பு.

"அதைச் சொல்ல வெக்கமா இல்ல?"

"வெக்கப்பட்டா நாடகம் நின்னு காத்திருக்குமா? தள்ளுங்கக்கா, வெளிச்சத்தை மறைக்காதீங்க. இன்னைக்குக் கடைசி பாகம். தெபெட் வர்றதுக்குள்ள முடிக்கணும்."

யூலியார்த்தி விடவில்லை. பெட்டிக் காவலுக்கு நின்றிருந்த சீருடைப் பெண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவள் நெரிசலைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"செல்போன் சத்தத்தை நிறுத்துங்க. இல்லைன்னா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுங்க. இவ்வளவு பேர் புகார் சொல்றாங்க."

நீனிங் செல்போனை அவள் காதோரம் நீட்டினாள். "சத்தம் வருதா?"

"இல்ல."

"சத்தம் என் வாயில வருது. ரயில்ல வாயைத் திறக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருந்தா காட்டுங்க, இப்பவே இறங்கறேன். இவங்க போகோர்ல ஆரம்பிச்சு மாமியாரைத் திட்டிக்கிட்டே வர்றாங்க. நானும் மாமியாரைத்தான் படிக்கிறேன். அவங்க மாமியார் ஊர்ல, என் மாமியார் கொரியாவுல. இறக்கினா எல்லாரையும் சேர்த்து இறக்குங்க!"

காவல் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்தாள். "கொஞ்சம் மெதுவாப் படிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

நீனிங் மெதுவாகப் படித்தாள். மூன்று வரிதான். பிறகு பழைய குரல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. கதாநாயகனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. "'மழை பேஞ்ச அன்னைக்கு, குடை என்கிட்ட இருந்தும் இல்லைன்னு பொய் சொன்னேன். உன் குடைக்குள்ள வரணும்னுதான்.'"

கம்பியைப் பிடித்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். நான்கூட மகளைத் தட்டிக்கொடுப்பதை மறந்துவிட்டேன். இபு சர்மி தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரே தூசி" என்றார்.

தெபெட் வந்தது. முட்டி வலி என்றவர் கதவுக்கு முதல் ஆளாகப் போய் நின்றார்.

"நாளைக்கு வேற பெட்டியில ஏறலாம் இபு" என்று யூலியார்த்தி அவர் தோளில் கை போட்டாள். இறங்கும்போது நீனிங்குக்குக் கேட்கிற மாதிரியே, "ஆறாவது படிச்ச லட்சணம்!" என்றாள்.

கதவு மூடியது. பெட்டியில் காற்று வந்தது.

நீனிங் தண்ணீர் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டாள். வேறொரு நாடகத்தைப் போட்டாள். அடியில் வரிகள் ஓடின. அவள் கண்ணும் சரசரவென்று ஓடியது. ஒரு இடத்தில் சிரிப்புகூட வந்தது. உதடு மட்டும் பிரியவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, இப்ப மட்டும் வாயை மூடிப் படிக்க வருதா?"

அவள் பிளாட்பாரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். ரயில் நகர்ந்துவிட்டிருந்தது.

"அவங்க இறங்கிட்டாங்களே."

"யாரு? இபு சர்மியா? அவங்களும் சேர்ந்துதானே உங்களைத் திட்டினாங்க!"

"மெதுவாப் பேசுங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூட வேலை பாக்கறவங்களுக்கு அது தெரிஞ்சா உயிரையே விட்டுடுவாங்க. யாருக்கும் சந்தேகம் வராம இருக்க நீங்களும் சேர்ந்து என்னைத் திட்டிடுங்கன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்."