மனுவின் நாலாவது வரி

டொக். டொக். டொக்.

நகரசபையிலிருந்து வந்திருந்த நல்லரத்தினம் ஐயா கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் வைத்துச் சத்தத்தை அளந்துகொண்டிருந்தார். அவர் கேட்டுக்கொண்டதால்தான் மதிலுக்கு அப்பால் ஷிஹானும் இன்னொருவனும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பிக்கிள்போலாம். ஷிஹான் கத்தாரிலிருந்து கொண்டுவந்து இறக்கிய வியாதி. பலகை மட்டை, ஓட்டைப் பந்து. பிக்கிள் என்றால் ஊறுகாய்தானே, ஊரில் அதற்கு அச்சாறுப் பந்து என்று பெயர் வைத்ததே நான்தான்.

வாவிக்கரையில் கிடந்த பழைய வொலிபோல் திடலுக்குச் சீமெந்து போட்டு நீலப் பெயின்ற் அடித்தார்கள். விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு தொடங்கிவிடுவார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம், நாங்கள் கூடியிருந்த இந்த வீடு, என் அண்ணன் முனாப் காக்காவுடையது. அடுத்தது என்னுடையது.

காக்கா போய் நாலு மாதம்.

இந்த இரண்டாவது மனுவையும் எழுதியவன் நான். திடலைக் கடற்கரைப் பக்கம் மாற்றக் கேட்டிருந்தேன். கடற்காற்றுக்கு அந்தப் பந்து ஒரு நிமிடம் நிற்காது. ஆட்டம் தானாகச் செத்துப்போகும். எனக்கு வேண்டியது அதுதான்.

நாலாவது வரியை எழுதும்போது அழுதுவிட்டேன்.

'சத்தம் பொறுக்காமல், செருப்புக்கூடப் போடாமல், வெறுங்காலோடு தட்டிக்கேட்க ஓடிய என் காக்கா அந்தத் திடலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மவுத்தானார்.'

ஆஸ்பத்திரியில் போர்வைக்கு வெளியே நான் முதலில் கண்டது அந்த வெறுங்கால்களைத்தான். எவ்வளவு கோபமிருந்தால் மனிதர் அப்படி ஓடியிருப்பார்.

காக்கா ஒவ்வொரு நாளும் விடியக் காலையில் போய் அவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வியர்க்க வியர்க்க வருவார். 'இண்டைக்கும் நல்லாக் குடுத்தன்' என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

வாசல் படியில் ரதீஸ் நின்றான். பக்கத்து ஊர் ஆரையம்பதிக்காரன், வங்கியில் வேலை, ஆட்டக்காரர்கள் சார்பில் வந்திருந்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். ஐயாவுக்குக் கதிரை போட்டேன், எனக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவனுக்குப் போடவில்லை.

காக்கா விழுந்தபோது பக்கத்தில் நின்றவன் அவன். ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவனைச் சந்தியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியவன் நான்.

ஐயா மனுவை ஒருமுறை வாசித்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"தம்பி, அண்டைக்குக் காலம்பற அவர் உங்களோட சண்டைக்கு வந்தவரோ?"

ரதீஸ் உள்ளறைத் திரையைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். 

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றமுள்ளவன் எப்படிப் பேசுவான்? ஐயாவிடம் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

திடலை ஒட்டிய வீட்டுச் சொந்தக்காரரின் கையெழுத்து இல்லாமல் எதையும் எழுத முடியாது என்றார் ஐயா. அது நானில்லை. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பது. இந்த வீடு காக்காவின் மனைவி நஸீறா மதினியின் பெயரில் இருக்கிறது.

மதினி திரைக்குப் பின்னால், புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் இருக்கும் இத்தாவில் இருந்தார். முடிய இன்னும் பத்து நாள். அதுவரை அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார். புருஷனின் தம்பியும் அந்நியன்தான். நாலு மாதமாக நான் அவர் குரலைக்கூடக் கேட்கவில்லை.

மதினியின் தங்கை நிஸ்மியா மனுவையும் பேனையையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

டொக். டொக்.

ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம்? ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரதீஸ் காலை மாற்றி நின்றான். உள்ளே ஒரு அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

நிஸ்மியா திரும்பி வந்தாள். கையெழுத்துக்கு விட்ட இடம் வெறுமையாகவே இருந்தது. இன்னொரு கையில் புடவைக்கடைப் பை ஒன்று. அதை என் மடியில் வைத்தாள்.

உள்ளே ஒரு சோடி சப்பாத்தும் ஒரு பலகை மட்டையும் இருந்தன.

காக்காவின் உடுப்பையெல்லாம் ஏழைகளுக்கு ஸதகாவாகக் கொடுத்தவன் நான். இவற்றை நான் கண்டதில்லை. செருப்பைத் தவிர அவர் வேறெதுவும் போட்டு நான் பார்த்ததும் இல்லை. இடக்காலின் சின்ன விரலருகே எலும்பு முட்டிக்கொண்டிருக்கும், சப்பாத்து ஏறாது.

இடது சப்பாத்தில், சரியாக அந்த இடத்தில், பிளேடால் ஒரு வெட்டு இருந்தது. அடிப்பாகம் முழுக்க நீலப் பெயின்ற் தேய்ந்திருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து மதினி பேசினார்.

"தம்பி, அவர் சண்டைக்குப் போகல்ல, விளையாடத்தான் போனவர். நீங்க முந்தி எழுதின மனுவுல மொதக் கையெழுத்து வெச்ச மனுசன் ஒங்கட மொகத்துல எப்பிடி முழிப்பாரு? நீங்க அறியப்படாதெண்டு அண்டைக்கு இந்தச் சப்பாத்தக் கழட்டி, அடுக்களப் பக்கமா வந்து என்ட கையில தந்தது ரதீஸ்தான்."

மதிலுக்கு அப்பால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பாதங்களில் ஒரு துளி மண் இருக்கவில்லை. அதையும் நான் பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

காக்கா எனக்குப் பயந்து ஒளித்து விளையாடியிருக்கிறார். அவர் இருந்தவரைக்கும் என்னிடம் சொல்ல முடியாததை இப்போது மதினியின் வாயால் கேட்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஐயா பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

ரதீஸ் இன்னும் படியிலேதான் நின்றான், தலை நிமிராமல்.

நான் எழுந்து என் கதிரையை அவன் பக்கம் தள்ளினேன்.