எத்தனை தடவை கேட்டீங்க?

"இவங்களும் வேண்டாம்" என்று தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஃபைலைத் தள்ளி வைத்தாள் கிர்ஸ்டன். அன்றைக்கு அது ஐந்தாவது.

டெனீஸுக்குச் சுருக்கென்றது. கருவைத் தானமாகத் தருகிறவர்களையும் பிள்ளையில்லாதவர்களையும் சேர்த்து வைக்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. டெக்ஸாஸிலிருந்து மினசோட்டாவுக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேருமே டாக்டர். ஏரிக்கரையில சொந்த வீடு. இவங்ககிட்ட என்னங்க குறை?"

"சிரிப்பு சரியில்ல."

"பல்லு ரொம்ப வெள்ளையா இருக்காம்" என்றான் கிர்ஸ்டனின் கணவன் லோவெல். "முந்தின ஃபைல்ல நாய் இல்ல. அதுக்கு முந்தினதுல நாய் ஜாஸ்தி."

டெனீஸ் உள்ளுக்குள் பொருமினாள். பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரி உறைபெட்டியில் கிடக்கிற இரண்டு கரு. இவர்களுக்கு ஏற்கெனவே ஒரு மகள் இருக்கிறாள். மிஞ்சியதைக் கொடுக்கும்போதுகூடச் சந்தையில் தக்காளி பொறுக்குகிற மாதிரி பொறுக்க வேண்டுமா? யார் வளர்ப்பது என்று தீர்மானிக்கிற உரிமையை இவர்களுக்குக் கொடுத்ததே தப்பு என்று தோன்றியது.

"ஞாபகம் இருக்கா லோவெல்?" என்றாள் கிர்ஸ்டன், சம்பந்தமே இல்லாமல். "அந்தக் குளிர்காலம் பூரா ஆஸ்பத்திரிக்கு ஓடினோமே. ஊசி டப்பாவை மடியில வச்சுக்கிட்டு."

"ஹீட்டர் வேலை செய்யாத அந்தப் பச்சை வண்டியில. வர்ற வழியில ஒரு காட்டரிசி சூப் வாங்கி, ஆளுக்குப் பாதி குடிப்போம்."

"மொத்தம் மூணு. ஒண்ணு நம்ம ஆனிகா ஆயிட்டா."

மற்ற இரண்டைப் பற்றி அவள் சொல்லவில்லை. பயந்து பயந்து கழித்த நாட்கள்தான். இப்போது நினைத்தால் அந்தப் பழைய வண்டியின் பெட்ரோல் நாற்றம்கூட அவளுக்கு இனித்தது.

லோவெல் டெனீஸிடம் திரும்பினான். "போன வாரம் நான் ஒரு ஜோடியைக் குறிச்சுக் கொடுத்தேனே. அவர் ஸ்கூல் பஸ் ஓட்டறார். அந்தம்மாவுக்கு லைப்ரரியில வேலை. அவங்க ஃபைல் எங்க?"

"மாரிட் ஜோடியா? முதல்ல அவங்களுக்குச் சம்மதமான்னு போன்ல விசாரிச்சேன். 'ஐயோ, எங்களுக்கு எதுக்கு, எங்களைவிடத் தேவையானவங்க இருப்பாங்க'ன்னுட்டாங்க. மூடிட்டேன்."

லோவெல் காப்பியைக் கீழே வைத்தான். "எத்தனை தடவை கேட்டீங்க?"

"ஒரு தடவைதான். வேண்டாம்னா வேண்டாம். அதை மதிக்கணும் இல்லையா?"

"காப்பி குடிக்கிறீங்களான்னதும் நீங்க சரின்னீங்க பாருங்க, அப்பவே நினைச்சேன், வெளியூருன்னு."

எங்கள் மினசோட்டாப் பக்கத்து வழக்கம் அப்படி. ஒரு துண்டு கேக் நீட்டினாலும் இரண்டு தடவை வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை கேட்டால்தான் கை நீளும். அதற்கு முன்பே நிறுத்திக்கொண்டால், மனசில்லாமல் கேட்டதாக அர்த்தம்.

"கல்யாணம் பண்ணிக்கிறியான்னு இவளைக் கேட்டேன். வேண்டாம்னா. வீட்டுக்குப் போயிட்டு, பனியில திரும்ப நாப்பது மைல் வந்து கேட்டேன். அப்பவும் வேண்டாம்னா."

"மூணாவது தடவை வர ஒரு வாரம் எடுத்துக்கிட்டான் கடன்காரன். அந்த வாரம் பூரா நான் சாப்பிடவே இல்ல" என்றாள் கிர்ஸ்டன்.

டெனீஸின் முகம் வாடிவிட்டது. மாரிட்டுக்கு நாற்பத்து மூன்று வயது. நாற்பத்து நான்குக்கு மேல் கருவை வைக்கமாட்டோம் என்று அவளுடைய டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தெரியாத்தனமாக ஒருத்தியின் கடைசி வாய்ப்பை மூடி வைத்துவிட்டோமே என்று பதறிப்போய்ப் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். தாங்கள் கூட இருந்து கேட்பதைச் சொல்ல வேண்டாம் என்று கிர்ஸ்டன் கையசைத்தாள்.

"மாரிட், அந்தக் கரு விஷயம்தான். நீங்க எடுத்துக்கறீங்களா?"

"வேண்டாங்க. எங்களைவிட வசதியானவங்களுக்குக் கொடுங்க."

இரண்டு தடவை ஆயிற்று என்று லோவெல் இரண்டு விரலைக் காட்டினான்.

"இன்னொரு தடவை கேக்கறேன். எடுத்துக்கறீங்களா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றாள் மாரிட். "எனக்கு வேணுங்க. எவ்வளவு வேணும்னு சொல்லத் தெரியல. ஆனா ஒண்ணு கேக்கணும். கொடுக்கறேன்னு சொன்ன அந்தம்மாவுக்கு, நிஜமாவே கொடுக்க மனசிருக்கா? அவங்ககிட்ட எத்தனை தடவை கேட்டீங்க?"

டெனீஸ் நிமிர்ந்து கிர்ஸ்டனைப் பார்த்தாள். படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு சரி. அவள் கேட்கவே இல்லை.

லோவெலும் கேட்டதில்லை. நாய், பல், சிரிப்பு என்று மனைவி சொன்ன சாக்கெல்லாம் எதற்கென்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"கிர்ஸ்டன்" என்றான் மெதுவாக. "உனக்குக் கொடுக்க மனசிருக்கா?"

அவள் அழுதுகொண்டிருந்தாள். போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரே ஒரு தடவை கேட்டதற்கே பதில் சொன்னாள்.

"இருக்கு மாரிட். உனக்குன்னா இருக்கு."