ஆடாத பிரிட்ஜ்

கிடாரைக் குப்புறப் படுக்க வைத்தான்.

கீழே நாலாக மடித்த போர்வை. பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தட்டு, கழற்றும் திருகாணிகள் உருண்டு ஓடிவிடாமல் இருக்க.

முதலில் ஆறு தந்திகளையும் தளர்த்த வேண்டும். தளர்த்தினான். அடுத்தது முதுகுப்பக்கத்து மூடி. அதற்கு ஆறு திருகாணி.

திருப்புளியின் முனை பள்ளத்தில் உட்காரவில்லை. தட்டித் தட்டி வழுக்கியது.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

ஒன்று கழன்றது. இன்னும் ஐந்து.

மூடியைத் தூக்கினால் உள்ளே மூன்று ஸ்பிரிங். முன்பக்கம் தந்திகள் இழுக்க, பின்பக்கம் இவை இழுக்க, இரண்டுக்கும் நடுவே, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் அந்தரத்தில் நிற்கும். ஒரு குச்சியை மாட்டி அழுத்தினால் பிரிட்ஜ் சாயும், சுரம் அலையலையாய்ப் போகும். அந்த அலைக்காகவே இருபத்தாறு வருடத்துக்கு முன் இந்தக் கிடாரை வாங்கினான்.

குச்சிதான் வேண்டும் என்றில்லை. உள்ளங்கையின் ஓரத்தை அதன்மேல் வைத்தாலும் போதும்.

கை சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாது.

போன முகூர்த்தத்தில், கச்சேரி முடிந்து வேனில் ஏறியதும் கீபோர்டு பெலிக்ஸ் ஆரம்பித்தான்.

“அண்ணே, அந்தக் குச்சிய ஒருநாளாவது வீட்ல வச்சிட்டு வாங்கண்ணே. கல்யாண வீட்ல பேய்ப்படம் ஓட்டுற மாதிரி இருக்கு.”

வேனே சிரித்தது. அவனும் சிரித்தான்.

“பழகிப்போச்சுடா” என்றான்.

குச்சியைக் கழற்றி உறையின் பக்கப் பையில் போட்டது பொங்கலுக்கு மறுவாரம். யாரும் பார்க்கவில்லை. காதால் மட்டும் கேட்டார்கள்.

ட்ரம்பெட் ஐசக்குக்கு முன்பல் போனபோதும் இதே வேன்தான். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே என்றார்கள். அதற்குப் பிறகு ஐசக்கை யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த கச்சேரி. வரவேற்பு.

கதவுக்கு முட்டுக் கொடுக்கும் தேக்குக் கட்டையைக் காலையிலேயே இரண்டாக அறுத்து உப்புத்தாளால் தேய்த்து வைத்திருந்தான். பிரிட்ஜின் அடியில் தொங்கும் இரும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவ்வளவுதான். இனிமேல் அதனால் எந்தப் பக்கமும் சாய முடியாது.

ஒரு கட்டை இறுக்கமாக உட்கார்ந்தது. மற்றதில் நூலளவு இடைவெளி.

அந்த நூலளவும் ஆடும்.

காகிதம் மடித்துச் செருகினால் சரியாகிவிடும். சட்டைப்பையில் ஒரு காகிதம் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் போயிருந்தான். மருத்துவர் விரல்களைத் தட்டிக் காட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார். ஒரு வரி எழுதச் சொன்னார். பிறகு இந்தச் சீட்டில் நீளமாக ஒரு நோயின் பெயரை எழுதினார்.

மாத்திரை வாங்கியாகிவிட்டது. அது பக்கப் பையில், குச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சீட்டைத்தான் எங்கே வைப்பது என்று தெரியாமல் நான்கு நாளாகச் சட்டை மாற்றச் சட்டை மாற்ற அதையும் மாற்றிக்கொண்டிருந்தான்.

இரண்டாக மடித்தான். நாலாக. எட்டாக.

செருகினான். கட்டை அசையவில்லை.

மூடியை வைத்து ஆறு திருகாணிகளையும் முடுக்கினான். கிடாரை நிமிர்த்தித் தந்திகளை ஒவ்வொன்றாக ஏற்றிச் சுருதி சேர்த்தான். ஆம்ப்ளிஃபையரைப் போட்டான்.

உள்ளங்கையைப் பிரிட்ஜின்மேல் வைத்தான்.

கை ஆடியது.

மூன்றாம் தந்தியை மீட்டினான். சுரம் நேராகப் போனது. கோடு போட்ட நோட்டில் எழுதியது போல, கொஞ்சமும் பிசகாமல். மறுபடி மீட்டினான். மறுபடியும் நேர். அவனுடைய கை அங்கே இல்லவே இல்லை என்பது போல.

கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

முட்டு இல்லாத கதவு காற்றில் பாதி சாத்தியிருந்தது. மனைவி முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நாலு மணிக் காப்பி.

கதவடியைப் பார்த்தாள். கிடாரைப் பார்த்தாள்.

“இந்தாங்க. மீதி உள்ள இருக்கு, இதக் குடிச்சதும் தர்றேன்.”

வாங்கினான். டம்ளர் நடுங்கியது. காப்பி விளிம்பு வரை ஏறி ஏறி இறங்கியது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அப்போதுதான் டம்ளருக்குள் பார்த்தான்.

பாதி.

காலையிலும் பாதிதான். நேற்றும். பால் கொஞ்சமாத்தான் இருக்கு என்று அவள் முதன்முதலில் சொன்னது எப்போது? யோசித்தான். வாசலில் போட்ட பொங்கல் கோலம் அப்போது அழிந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு காப்பிக்கும் இரண்டு தடவை நடக்கிறாள்.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். பால் தினமும் ஒரு லிட்டர்.

அவள் போகாமல் நின்றிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

குடித்து முடித்தான். டம்ளரை நீட்டினான், வலது கையால். இந்தத் தடவை மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளவில்லை.

“மீதியையும் கொண்டா” என்றான்.