வரி குறைந்த மாதம்

ஷாமில் படியிறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். கையில் பெருநாளுக்குச் செய்த இனிப்பு, வட்டிலப்பம்.

"அங்கிள், பேப்பர் பாத்தீங்களா? வரி விலக்கு எல்லையக் கூட்டிட்டாங்க. இந்த மாசத்திலிருந்து என்ட சம்பளத்தில ஒரு சதமும் வெட்ட மாட்டாங்க."

இராமநாதன் பார்த்திருந்தார். காலையிலேயே பார்த்து, மடித்து, கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டிருந்தார்.

அம்பிட்டியவில் தன் வீட்டின் மேல்மாடியை அவர் வாடகைக்குக் கொடுத்தது, வரி ஏறிய வருடம். மனைவி லீலாதேவி இறந்து சில மாதங்கள்.

"யாழ்ப்பாணத்து ஆக்கள் லேசில வீடு குடுக்க மாட்டாங்களே சேர், என்ன திடீரெண்டு?" என்று தரகர் பவாஸ் கிண்டலாகக் கேட்டார்.

"வரி," என்றார் இராமநாதன். "பென்சனிலயும் வெட்டுறாங்கள்."

அப்போது ஊரே வரியைத் திட்டிக்கொண்டிருந்தது. பவாஸ் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஷாமில் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். மனைவி றமீஸாவோடும் சின்ன மகளோடும் குடிவந்தான். சம்பள நாளில் அவனும் இராமநாதனும் படியில் நின்று வரியைத் திட்டுவார்கள். அதற்காகவே அவர் பத்திரிகையில் வரி வீதங்களைப் படித்து வைத்துக்கொள்வார். இரண்டு பேரில் அவர்தான் நன்றாகத் திட்டுவார்.

நோன்பு மாதத்தில் மாலையானால் கஞ்சிக் கோப்பை கீழே வரும். மேலே பிள்ளை ஓடினால் கீழே மின்விசிறி ஆடும். அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஷாமில் வட்டிலப்பத்தை மேசையில் வைத்தான்.

"வரியாலதானே அங்கிள் மேல்வீட்டத் தந்தீங்க. இப்ப உங்களுக்கும் விலக்கு வந்திட்டு. இனியும் உங்களுக்குக் கரைச்சல் தர ஏலா. கட்டுகஸ்தோட்டையில ஒரு வீடு பாத்திருக்கம்."

மரியாதை தெரிந்தவன். அதுதான் சிக்கல்.

இராமநாதன் வாயைத் திறந்தார். ஒரு வசனம் சொன்னால் போதும். இருங்கோ என்று சொன்னால் போதும். ஏன் என்று அவன் கேட்பான். 

"ஓம் தம்பி," என்றார். "எனக்கும் பெரிய பாரமொண்டு குறைஞ்சிட்டுது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் ஷாமில். அவருக்காகவும் சந்தோஷப்பட்டுக்கொண்டு மேலே போனான்.

கொஞ்ச நேரத்தில் அலுமாரியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிள்ளை அறைக்கு அறை ஓடியது. மின்விசிறி ஆடியது.

இராமநாதன் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடையது அரசாங்கப் பென்சன்; அதற்கு அந்த வருடமும் வரி கிடையாது. அவரிடம் யாரும் ஒரு சதம்கூட வெட்டியதில்லை.