பவளப்பாறைக்குள் குடியிருந்த உப்புநீர்

கடல் எப்போதோ விலகிப்போய், மேலே சேறும் மண்ணும் மலைபோல் ஏறி, பூமிக்கு அடியில் ஒரு பழைய பவளப்பாறை புதைந்து கிடந்தது. அதன் உடம்பெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டைகளில் உப்புநீர் குடியிருந்தது.

ஒருநாள் மேலிருந்து ஓர் இரும்புக் குழாய் துளைத்துக்கொண்டு இறங்கி, "வா, மேலே உன்னைக் கூப்பிடறாங்க" என்று உப்புநீரிடம் சொன்னது.

"போகாத தம்பி" என்றது பாறை. "நீ உள்ளேயிருந்து முட்டுக்கொடுக்கிறதாலதான் இத்தனை பாரத்தைத் தாங்குறேன். வெறும் ஓட்டையா நின்னா நொறுங்கிப்போவேன்."

"எத்தனை யுகமா இருட்டுல கிடக்கேன் அக்கா. இப்பத்தான் என்னை ஒருத்தர் தேடி வந்திருக்காங்க. அது பொறுக்கலையா உனக்கு?"

குழாய் குறுக்கே புகுந்தது. "பயப்படாதீங்கம்மா. வேண்டியதை எடுத்துக்கிட்டுத் திருப்பி அனுப்பிடுவோம்."

உப்புநீர் குதித்துக்கொண்டு ஏறிப்போனது. பாறை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. சொன்னபடியே இன்னொரு குழாய் வழியாக உப்புநீர் திரும்பிவந்து ஓட்டைகளை நிரப்பியது.

"உப்பை எடுத்துட்டாங்களா?" என்று பாறை கேட்டது.

"அதை யாரும் சீந்தலை. லித்தியமாம். எனக்குள்ள துளியூண்டு கலந்து கிடந்திருக்கு. அதை மட்டும் உறிஞ்சிக்கிட்டு, போயிட்டு வான்னுட்டாங்க. அதுல பேட்டரி செஞ்சா வண்டியே ஓடுமாம்."

"அப்படி ஒண்ணு உன்கிட்ட இருந்துச்சா?"

"எனக்கே தெரியாதே அக்கா." பிறகு அதுவே கேட்டது: "உனக்குள்ளயும் உனக்குத் தெரியாம ஏதாவது இருக்குமோ?"

"மெதுவாப் பேசு" என்றது பாறை. "குழாய் இன்னும் இங்கதான் நிக்குது."