ஆறாயிரம் மீட்டர் ஆரத்தி

"ஆறாயிரம் மீட்டர், பிரபா! உச்சியில கொடி பக்கத்துல நிக்கிற வீடியோ வந்திருக்கு. நம்ம கிட்வாய் நகர்ல வேற யார் வீட்டுப் பிள்ளை இப்படி ஏறியிருக்கு?"

ஆரத்தி கரைத்தபடியே பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள் பூங்கோதை.

மகன் அன்பு படியேறி வந்தான். பின்னாலேயே, அவன் சோறு போட்டு வளர்க்கும் தெருநாய் ஷேரு.

அன்பு வாசலில் நின்று முகத்தை நீட்டினான்.

"நீ தள்ளுடா! பாதி மலையிலேயே தலை சுத்துதுன்னு கூடாரத்துல படுத்தவன்தானே நீ? உன் கூட்டாளிங்களோட உச்சி வரைக்கும் போனது இவன்தான்."

ஷேருவுக்கு மூன்று முறை சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்தாள். மூன்று வருடமாக வாசற்படி தாண்ட விடாத நாயிடம் சொன்னாள்:

"வலது காலை எடுத்து வச்சு உள்ள வா, ராஜா!"