மெஷினில் கை வைத்தவன்

"அவன் வேலைதான், தௌசிப். வேற யாரு இதுல கை வெச்சிருப்பான்? நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, மதியமே ஸ்டேஷனுக்குப் போறேன்."

தயாளன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். புகார் எழுதிய தாள் அதற்குள் மடிந்திருந்தது.

திருமுடிவாக்கத்தில் அவருக்கு ஒரு சின்னக் கம்பெனி. இரும்புத் தகடு வெட்டும் மெஷின் ஒன்றுதான் அதற்குச் சோறு போடுகிறது. மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டரோ ஹார்ட் டிஸ்க் போன கிழம். ஆறு வருடமாகப் பென் டிரைவைச் சொருகினால்தான் கண்ணைத் திறக்கும். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் ஆபரேட்டர் பொன்னுரங்கம்.

நான்கு நாளைக்கு முன் அவன் ஒரு தகட்டை அளவு தப்பி வெட்டிவிட்டான். எல்லோர் முன்னாலும் "வெளிய போடா" என்று கத்தினார் தயாளன். அவனும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். நேற்று ஆயுத பூஜைக்குக்கூட வரவில்லை. அவனுக்கென்று எடுத்த வேட்டி சட்டை கவர் பிரிக்காமல் மேஜையில் கிடந்தது.

இன்று விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்தினால், கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி. அவ்வளவுதான். தகடு ஏற்ற மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும்.

தாம்பரத்திலிருந்து வழக்கமாக வரும் சர்வீஸ்காரன் தௌசிப், பென் டிரைவைத் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான்.

"எல்லாம் அப்படியே இருக்கு சார். எதையும் அழிக்கல."

"அப்போ கம்ப்யூட்டர் உள்ள எதையோ மாத்தி வெச்சிட்டான்."

தௌசிப் செட்டிங்ஸைத் திறந்து பொறுமையாகப் படித்தான். "அதுவும் சரியாத்தான் இருக்கு. பென் டிரைவ்ல இருந்து ஸ்டார்ட் ஆகணும்னுதான் இருக்கு. ஆனா, பென் டிரைவ் சொருகியிருக்கறதே இதுக்குத் தெரியல."

"வேற ஓட்டைல சொருகு."

"மத்ததெல்லாம் இரும்புத் தூள் போய் எப்பவோ செத்துப்போச்சு சார். இது ஒண்ணுதான் மிச்சம்."

"பாத்தியா? அது தெரிஞ்சுதான் இதையும் கெடுத்துட்டுப் போயிருக்கான்!"

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல சார்."

"உனக்கு இன்னா தெரியும்? பன்னெண்டு வருஷம் என் வூட்டு ஆளா இருந்தான். அவன் பொண்ணுக்குக் காது குத்துனப்போ என் மடியிலதான் உக்கார வெச்சான்."

தயாளன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் வருத்தம். பூஜைக்கு வந்து நின்றிருந்தால், ஒன்றுமே நடக்காதது போல அந்தக் கவரை நீட்டியிருப்பார். வராமல் இருந்துவிட்டானே!

"ஒருத்தர்கிட்ட கேட்டுப் பாக்கறேன் சார்" என்று போனோடு வெளியே போனான் தௌசிப். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான். பையிலிருந்து மெல்லிய ஊசி ஒன்றை எடுத்து, டார்ச் அடித்து, தயாளனுக்கு முதுகைக் காட்டியபடி அந்த ஓட்டைக்குள் நோண்டினான். ஊதினான். மறுபடி நோண்டினான். பென் டிரைவைச் சொருகிப் பொத்தானை அழுத்தினான்.

திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது.

"இன்னாப்பா பண்ணே?" தயாளன் ஓடி வந்தார்.

"தூசு அடைச்சிருந்துச்சு சார்." தௌசிப் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தூசா? அதையும் அவன்தான் அடைச்சிருப்பான்!"

ஆள்மேல் கோபம் வந்துவிட்டால் தூசுக்கும் அவன்தானே பொறுப்பு.

"சரி, யாருகிட்ட கேட்ட? கண்ணால பாக்காமலே கண்டுபுடிச்சிட்டாரே! அவரு வருவாரான்னு கேளு. பொன்னுரங்கம் எடத்துல அவரையே வெச்சுக்கலாம்."

தௌசிப் மெஷின் பக்கம் போனான். மேஜைமேல் அவன் போன் அடித்தது. அந்த ஆளாகத்தான் இருக்கும் என்று, அவன் திரும்பி வருவதற்குள் தயாளனே எடுத்துக் காதில் வைத்தார். நன்றி சொல்ல வாய் திறந்தவரைப் பன்னிரண்டு வருடமாகக் கேட்டுப் பழகிய குரல் முந்திக்கொண்டது.

"இன்னா தம்பி, மெஷின் ஓடுதா? சந்தனம்னு முதலாளிகிட்ட வாய் வுட்டுடாத, தூசுன்னே சொல்லு. வருசா வருசம் பூஜைக்கு அந்த பென் டிரைவப் புடுங்கி சாமி முன்னால வெச்சுட்டு, ஓட்டை மேலயே அவரு கையால கொழகொழன்னு பொட்டு வெச்சிடுவாரு. மறுநாள் அவரு வர்றதுக்குள்ள நான் போய் நோண்டி எடுத்துடுவேன், தெரிஞ்சா சங்கடப்படுவாரேன்னு. இந்த வருசம்தான் என்னை வெளிய போன்னுட்டாரே."